ரெட் நதிச் சமவெளியில் களர்த் திட்டைக் கண்டுபிடிப்பது எப்படி

என் பிழைப்பு மண் மாதிரி எடுப்பது. வடக்கு டகோட்டாவில், ஃபார்கோவுக்கும் கிராண்ட் ஃபோர்க்ஸுக்கும் நடுவே எந்த வயலோரம் வண்டியை நிறுத்தினாலும் கண்ணுக்கெட்டிய மட்டும் மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. எல்லாம் ஒரே கறுப்புக் களிமண். ஆனால் சோயா மட்டும் ஓரிடத்தில் இடுப்பளவு நிற்கும், பத்தடி தள்ளிக் கணுக்காலைத் தாண்டாது. போன வருஷம் உதவிக்கு வந்த மாணவன் அப்படி ஒரு திட்டில் நின்றுகொண்டு, "அண்ணா, வெள்ளையா உப்பே தெரியலையே, எதை வெச்சு சோடியம்னு சொல்றீங்க?" என்று கேட்டான். அன்று மாலை வரை அவனுக்குக் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். உவர் வேறு, களர் வேறு. உவர் மண்ணில் கரைந்த உப்பு அதிகம். வேர் தண்ணீரை இழுக்கத் திணறும், ஆனால் மண்ணின் கட்டமைப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். களரில் சிக்கல் உப்பின் அளவில் இல்லை. களித் துகளின் மேல் எந்த அயனி உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. கால்சியம் உட்கார்ந்தால் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சோடியத்துக்கு ஒற்றை மின்னூட்டம்தான், அதுவும் தன்னைச் சுற்றித் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு பருத்துக் கிடக்கும். அதனால் துகள்கள் விலகி, நனைந்ததும் தனித்தனியாகப் பிரிந்து, நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்கின்றன. வெள்ளை உப்பைத் தேடிப் போகிறவர் உவரைக் கண்டுபிடிப்பார், களரை மிதித்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவார். ஒரே திட்டில் இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அதுதான் மிகவும் ஏமாற்றுகிற வகை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த நிலம் ஏன் இப்படி என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரியும். இது அகாசிஸ் என்ற பனியுகப் பேரேரியின் அடிப்பகுதி. ஏரி வடிந்த பிறகு எஞ்சிய நுண்களிதான் இன்றைய வயல். ரெட் நதி வடக்கு நோக்கி ஓடுகிறது. சரிவு ஃபார்கோ பக்கம் மைலுக்கு சுமார் 5 அங்குலம். கனடா எல்லையை நெருங்க நெருங்க அதுவும் குறைந்துவிடும். தெற்கில் பனி உருகும்போது வடக்கில் ஆறு இன்னும் உறைந்தே கிடக்கும், அப்புறம் வெள்ளம் வயல் மேல்தான் பரவும். 1997 ஏப்ரலில் கிராண்ட் ஃபோர்க்ஸ் மூழ்கியது இப்படித்தான். நீர்மட்டம் மேலேயே நிற்கிறது, கோடையில் ஆவியாகிறது. ஆவியாகும் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும். அதாவது கால்சியம் வெளியேறிவிடுகிறது, மிச்சத் தண்ணீரில் சோடியத்தின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. இங்கே உப்பில் பெரும்பகுதி சல்பேட்.

வயலுக்குக் கிளம்புமுன் வரைபடம் பாருங்கள். அமெரிக்க வேளாண் துறையின் வெப் சாயில் சர்வே இலவசம். ஃபார்கோ என்ற மண் தொடர் (ஒரே மாதிரியான மண்ணுக்கு வைத்த பெயர்) மட்டும் தெரிந்தால் கனத்த களிமண், அவ்வளவுதான். அதோடு ரையன் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டு 'ஃபார்கோ-ரையன்' என்று கலவையாக வந்தால் எச்சரிக்கை: ரையன்தான் சோடியம் ஏறிய கூட்டாளி. வரைபடத்தில் இரண்டும் ஒரே பலகோணம். தரையில் எந்த அடி ரையன் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். குழி தோண்டுவதாக இருந்தால் சில நாள் முன்பே 811-க்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள். புதைந்த குழாயை மண்வெட்டியால் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

நல்ல பருவம் என்றால் அறுவடை முடிந்து தரை உறைவதற்கு முன், அல்லது ஜூன். மழை பெய்து இரண்டு நாள் கழித்துப் போனால் திட்டு தானே காட்டிக்கொடுக்கும். சுற்றியுள்ள நிலம் உள்வாங்கிவிட்டிருக்கும், இங்கே மட்டும் கலங்கிய தண்ணீர் நிற்கும். தெளியாத, சாம்பல் நிறக் கலங்கல். உவர் திட்டில் நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், ஏனென்றால் உப்பு களியைக் கீழே படிய வைத்துவிடும். காய்ந்த பிறகு போனால் மேலே வழவழப்பான ஏடு, ஓடு ஓடாகப் பிளந்து கிடக்கும். விதை அதன் அடியிலேயே சுருண்டு செத்திருக்கும். களைகளையும் பாருங்கள். ஃபாக்ஸ்டெயில் பார்லியும் கோசியாவும் கூட்டமாக நின்றால் பயிர் அங்கே ஏற்கெனவே தோற்றுவிட்டது என்று பொருள். ஆனால் அவை உவரிலும் வரும். களைகளை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

இங்குள்ள விவசாயிகள் இந்த மண்ணை 'கம்போ' என்பார்கள். "காலையில் உழுதால் ஒட்டும், மதியம் உழுதால் உடையாது, நடுவில் ஒரு மணி நேரம் கிடைக்கும்" என்று ஒரு பெரியவர் சொன்னார். மிகைதான், ஆனால் அதிகமில்லை.

சரி, ஆகரை (மண்ணைத் துளைத்து எடுக்கும் திருகு கருவி) எடுங்கள். நல்ல இடத்தில் ஒன்று, திட்டின் நடுவில் ஒன்று, விளிம்பில் ஒன்று. திட்டின் நடுவில் முதல் 10, 15 செ.மீ. சுலபமாக இறங்கும். பிறகு கல்லில் பட்டதுபோல் நிற்கும். இந்த ஏரிக்களியில் கல் அபூர்வம். நீங்கள் முட்டியது சோடியம் ஏறிய களி அடுக்கு. இந்த இடத்தில் ஆகரை வைத்துவிட்டு மண்வெட்டியால் ஒரு பக்கச் சுவரைச் செங்குத்தாக வெட்டுங்கள், 60 செ.மீ. போதும். ஆகர் மண்ணைத் திருகிக் குழப்பிவிடும், நமக்கு வேண்டிய சாட்சியே அந்த மண் நிற்கும் விதம்தான்.

உழாத புல்வெளி என்றால் பாடப்புத்தகப் படம் கிடைக்கலாம்: மேலே வெளுத்த மெல்லிய அடுக்கு, அதன் கீழ் தூண் தூணாக நிற்கும் களி. தூணின் உச்சி முழங்கால் சில்லுபோல் உருண்டிருக்கும், அதன்மேல் மாவு தூவியதுபோல் சாம்பல் நிற வண்டல். பலர் இதை உப்பு என்று நினைப்பார்கள். உப்பில்லை, களி கழுவப்பட்டு எஞ்சிய வண்டல். தூணின் பக்கங்களில் கறுப்புப் பூச்சு தெரியும், அது சோடியத்தால் பிரிந்து இறங்கிய மட்கு. உழுத வயலில் தூண்களின் தலையைக் கலப்பை சீவியிருக்கும். மேலும் ரையன் போன்ற கனத்த களியில் தூண்கள் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். ஸ்மெக்டைட் வகைக் களி நனைந்தால் உப்பிப் பருக்கும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். இந்த ஆட்டத்தில் அடுக்குகளே அரைபட்டுவிடும். அப்போது கட்டிகளின் முகத்தில் தேய்த்து மெருகேற்றியதுபோல் சாய்வான பளபளப்பு தெரியும். அது களி உப்பி உரசிய தடம், சோடியத்துக்கு அத்தாட்சி இல்லை. வேரைப் பாருங்கள். கட்டிக்குள் நுழைய முடியாமல் அதன் முகத்தோடு ஒட்டி, காகிதத்தில் வைத்து அழுத்திய நூல் மாதிரி தட்டையாகப் போயிருந்தால் அடுக்கு இறுகிவிட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கும் கீழே தோண்டினால் மினுங்கும் சின்னப் படிகங்கள் வரலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விடுங்கள். பொங்கினால் அங்கே சுண்ணாம்பு. படிகம் பொங்காமல் இருந்தால் அது ஜிப்சமாக இருக்க வாய்ப்பு அதிகம். எந்த ஆழத்தில் வந்தது என்று குறித்து வையுங்கள். கால்சியம் கீழேயே இருக்கிறது என்பது பின்னால் பணத்தை மிச்சப்படுத்தக்கூடிய செய்தி.

இனி எனக்குப் பிடித்த சோதனை. செலவே இல்லாதது. நல்ல இடத்திலிருந்தும் திட்டின் கெட்டி அடுக்கிலிருந்தும் பட்டாணி அளவுக் கட்டிகள் சில எடுத்து, காற்றில் காயவிட்டு, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெதுவாகப் போடுங்கள். ஆட்டக் கூடாது. 10 நிமிடத்தில் ஒருமுறை, 2 மணி நேரத்தில் ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை பாருங்கள். கட்டி உடைந்து குவியலாக விழுந்தால் அது வெறும் உதிர்தல். தண்ணீர் தெளிவாக இருக்கும் வரை பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் ஒரு மேகம் பரவினால் களி பிரிகிறது. மாணவனின் குவளையில் இரண்டு மணி நேரத்தில் அடிப்பகுதி முழுக்க வெண்மை படர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவன் உப்பைத் தேடவில்லை.

தண்ணீர் காய்ச்சி வடித்ததாகவோ மழைநீராகவோ இருக்க வேண்டும். இதை நான் அடிபட்டுக் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த வருஷம், தங்கிய அறையின் குழாய்த் தண்ணீரில் போட்டேன். எல்லாக் கட்டியும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. 'சோடியம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். ஆய்வக முடிவு வந்தபோது முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடினத் தண்ணீரில் இருந்த கால்சியமே களியைப் பிடித்து வைத்திருந்தது. அதே தந்திரத்தை உவரும் களரும் சேர்ந்த மண் தானே செய்யும்: அதிலுள்ள உப்பு களியைப் பிரிய விடாது. வெள்ளை படிந்த திட்டின் கட்டி தெளிவாக உட்கார்ந்தால் நம்பாதீர்கள். அந்தத் தண்ணீரை மெல்ல வடித்துவிட்டு புதுத் தண்ணீர் ஊற்றுங்கள், மறுபடியும் வடித்து ஊற்றுங்கள். உப்பு போனதும் மேகம் கிளம்பும்.

ஆய்வகத்துக்கு 0–15, 15–30, 30–60 செ.மீ. என்று தனித்தனிப் பைகள். நல்ல இடமும் திட்டும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது. இரண்டையும் கலந்தால் எங்கும் இல்லாத ஒரு மண்ணின் அறிக்கை வரும். மண்ணில் தண்ணீர் நிறையும் வரை ஊற்றிக் குழைத்த பசையிலிருந்து எடுத்த சாற்றில் இசி (மின்கடத்துதிறன், உப்பின் அளவைக் காட்டும்), எஸ்ஏஆர் (கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்ட சோடிய விகிதம்) இரண்டையும் கேளுங்கள். ஒரு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்ற கலவையில் அளந்த இசி, பசைச் சாற்றின் மதிப்பில் ஏறக்குறைய பாதிதான் காட்டும்; இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

எஸ்ஏஆரை நீங்களே போட்டுப் பார்க்கலாம். சாற்றில் சோடியம் லிட்டருக்கு 920 மி.கி., கால்சியம் 120, மக்னீசியம் 146 என்று வைத்துக்கொள்வோம். முறையே 23, 20, 12.15 ஆகியவற்றால் வகுத்தால் 40, 6, 12 மில்லிசமானம். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் 9, வர்க்கமூலம் 3. நாற்பதை மூன்றால் வகுத்தால் 13.3. 1954-இல் அமெரிக்க உவர்மண் ஆய்வகம் வெளியிட்ட கையேட்டு வரையறை, பரிமாற்றச் சோடியம் (களித் துகள் பிடித்து வைத்திருக்கும் அயனிகளில் சோடியத்தின் பங்கு) 15 சதவீதத்துக்கு மேல். எஸ்ஏஆரில் அது ஏறக்குறைய 13. ஆனால் உப்புகிற களிக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது. 5, 6 தாண்டினாலே நான் சிவப்பு மையை எடுத்துவிடுவேன். பிஹெச் 8.5-ஐத் தாண்டவில்லை என்று நிம்மதி அடையவும் வேண்டாம். சல்பேட் உப்பு நிறைந்த இந்த மண்ணில் அது பெரும்பாலும் அதற்குக் கீழேயே நிற்கும். அறிக்கையில் சோடியச் சதவீதம் மட்டும் வந்திருந்தால் எச்சரிக்கை. சுண்ணாம்பும் ஜிப்சமும் உள்ள மண்ணில் சோதனைத் திரவம் அவற்றையும் கரைத்துக் கால்சியக் கணக்கில் சேர்த்துவிடும், சோடியத்தின் பங்கு குறைவாகத் தெரியும்.

ஜிப்சத்திலுள்ள கால்சியம் களியிலிருந்து சோடியத்தை வெளியேற்றும். எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு: பரிமாற்றத் திறன் (களி பிடித்து வைக்கக்கூடிய அயனிகளின் அளவு) கிலோவுக்கு 35 சென்டிமோல், சோடியம் 18 சதவீதம், அதை 5-க்கு இறக்க வேண்டும் என்றால் நீக்க வேண்டியது 13 சதவீதம், அதாவது 4.55 சென்டிமோல். ஒரு சென்டிமோலுக்குக் கிலோ மண்ணில் 0.86 கிராம் ஜிப்சம். 15 செ.மீ. ஆழத்துக்கு ஹெக்டேரில் சுமார் 1950 டன் மண். பெருக்கினால் 7.6 டன். அதுவும் சுத்தமான ஜிப்சம். 80 சதவீதம்தான் தூய்மை என்றால் 9.5 டன். முழு வயலுக்கும் கொட்ட யாருக்கும் கட்டுப்படியாகாது, திட்டுகளுக்கு மட்டும் போடுங்கள். கீழே 40 செ.மீ.யில் ஜிப்சம் இருந்ததாகக் குறித்திருந்தால் ஆழ உழுது மேலே கொண்டுவருவது இன்னொரு வழி. கனடாப் புல்வெளிகளில் இது பலன் தந்திருக்கிறது. செலவும் டீசலும் அதிகம், அடுக்குகள் தெளிவாக இல்லாத வயலில் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜிப்சத்துக்குப் பதிலாகக் கந்தகம் போட்டால், இந்தக் குளிர் மண்ணில் அது மிக மெதுவாகத்தான் வேலை செய்யும்.

அடிநிலக் குழாய் வடிகால் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். உவருக்குச் சரி. களருக்கு முதலில் கால்சியம், பிறகுதான் குழாய். வரிசை மாறினால் மழைநீர் உப்பை மட்டும் கழுவிவிடும், சோடியம் களியோடு தங்கிவிடும், அதுவரை உப்பு பிடித்து வைத்திருந்த மண் பிரிந்து குழாயைச் சுற்றியே இறுகிவிடும்.

ஜிப்சம் போட்டாலும் அதைக் கீழே இறக்கத் தண்ணீர் வேண்டும். லிட்டர் தண்ணீரில் 2.5 கிராம் அளவுக்குத்தான் கரையும். ஃபார்கோவில் மழையும் பனியும் சேர்த்து ஆண்டுக்கு 600 மி.மீ. பக்கம், அதிலும் கொஞ்சம்தான் இந்தக் களிக்குள் இறங்கும். அடுத்த வருஷமே மறு சோதனைக்குக் கூப்பிடாதீர்கள். மூன்று வருஷம் கழித்து அதே மாதத்தில், அதே ஆழங்களில், அதே முறையில் அளக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முதல் நாளே ஒவ்வொரு குழியின் ஜிபிஎஸ் புள்ளியையும் எழுதி வையுங்கள். இந்த வயலில் பத்தடி தள்ளிக் குத்தினாலே வேறு மண்.