சேற்றில் வெறுங்காலோடு இறங்கப் போகிறீர்களா?

சம்பா நடவைப் பார்க்க ஊருக்கு வருகிற பட்டணத்துப் பிள்ளைகள் முதலில் கேட்பது, கம்பூட்ஸ் (முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ்) போடலாமா என்றுதான். நம் டெல்டா களிமண்ணில் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினால் கால் மட்டும் வெளியே வரும், பூட்ஸ் உள்ளேயே நின்றுவிடும். செருப்பை வரப்பில் விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்குங்கள். காலில் ஆறாத புண்ணோ வெட்டோ இருந்தால் மட்டும் வேண்டாம், எலி மூத்திரம் கலந்த தண்ணீர் அதன் வழியாக எலிக்காய்ச்சலைக் கொடுத்துவிடும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும் இறங்கக் கூடாது, முள் ஏறினாலே தெரியாது.

ஈர வரப்பில் குதிகாலை அழுத்தி ஊன்றினால் வழுக்கும். விரல்களை மண்ணில் பதித்துச் சின்னச் சின்னதாக எட்டு வையுங்கள், நண்டு வளை இருக்கிற ஓரம் சரியும் என்பதால் நடுவிலேயே போங்கள். சேற்றுக்குள் காலை நேராக மேலே பிடுங்காமல், முதலில் குதிகாலைத் தூக்கி, விரலைக் கீழே சாய்த்தபடி உருவினால் சுலபமாக வந்துவிடும். இருட்டின பிறகு இந்த வெறுங்கால் வீரமெல்லாம் கூடாது. கண்ணாடி விரியன் திரிகிற நேரம் அது, செருப்பும் டார்ச்சும் கட்டாயம்.

ஈரத்துக்கென்றே செருப்பு போட்ட ஊரும் உண்டு: அயர்லாந்தின் மேற்கே அரன் தீவுகளில் பாம்பூட்டி என்று ஒரு செருப்பு இருந்தது. பதப்படுத்தாத மாட்டுத்தோல் ஒரே துண்டு, மயிர் வெளிப்பக்கம் இருக்க, கயிறு கோத்து இழுத்துக் கட்டுவார்கள். காய்ந்தால் விறைத்துப்போகும் என்று நனைத்தே வைத்திருப்பார்கள். பாறைத் தீவுக்கு அது சரி, நம் வெக்கையில் ஈரத்தோலோடு திரிந்தால் சேற்றுப்புண்தான்.

ஆனால் கால் கழுவுகிற விஷயத்தில் அவர்களும் நம் ஆட்கள்தான். அந்நாட்டுக் கிராமங்களில் அந்தக் காலத்தில் இரவில் கால் கழுவிய தண்ணீரை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, வைத்தால் மாயக்கூட்டம் (அவர்கள் கதைகளில் வரும் ஃபேரிகள்) உள்ளே வந்துவிடும் என்று வெளியே ஊற்றிவிடுவார்களாம். இங்கே குதிகால் நனையாவிட்டால் நளனைப் பிடித்த சனி நம்மையும் பிடிக்கும் என்று அப்பத்தா விரட்டும். எந்தப் பயமானாலும் சரி, பம்புசெட்டில் சேற்றைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு இன்னொரு தடவை தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் விரலிடுக்கை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். அரிப்பு தொடங்கினால் மருதாணி இலையும் மஞ்சளும் அரைத்து ராத்திரி பூசுவது ஊர் வழக்கம். அதற்கும் அடங்கவில்லையென்றால் டாக்டரிடம் காட்டிக் களிம்பு வாங்கிக்கொள்ளுங்கள். கருவேல முள் ஆழமாக ஏறியிருந்தால் கிளறிக்கொண்டிருக்காமல், டிடி ஊசி எப்போது போட்டோம் என்று யோசித்துக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.