சின்ன கேபினட் வாங்கும் முன் ஸ்கேலைக் கையில் எடுங்கள்

கணினியை நீங்களே பூட்டுவதாக இருந்தால், பாகங்களை அடக்கும் பெட்டியான கேபினட்டைக் கடைசியாக வாங்குங்கள். அழகில் மயங்கி அதை முதலில் வாங்கிவிட்டால், மற்ற எல்லாப் பாகங்களையும் அதற்குள் அடங்குமாறு தேடி அலைய வேண்டிவரும். விளம்பரத்தில் போடும் லிட்டர் கணக்கையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொள்ளளவு அதிகமிருந்தும் கிராபிக்ஸ் கார்டு நுழையாத பெட்டிகள் உண்டு.

1. மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் பலகை). மினி-ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவு 170×170 மி.மீ.; விரிவாக்க ஸ்லாட், அதாவது கார்டு செருகும் இடம், ஒன்றுதான். இன்னொரு கார்டும் போடுவதாக இருந்தால் மைக்ரோ-ஏடிஎக்ஸ், 244×244.

2. கிராபிக்ஸ் கார்டு. பலரும் சறுக்குவது இங்கேதான். நீளத்தை எல்லோரும் பார்ப்பார்கள். முன்பக்க ஃபேனுக்கு 25 மி.மீ. கழிக்க மறந்துவிடுவார்கள், திரவக் குளிர்விப்பின் ரேடியேட்டரும் சேர்ந்தால் சுமார் 52. தடிமனில், ஒரு ஸ்லாட் என்பது 20 மி.மீ. சொச்சம். 'இரண்டு ஸ்லாட்' என்று விற்கும் கார்டு 44 மி.மீ. இருக்கலாம், மி.மீ. அளவையே நம்புங்கள்.

மூன்றாவது, உயரம். பெரும்பாலான கார்டுகளில் பவர் கேபிள் மேல்விளிம்பில்தான் செருகும். கார்டு 130 மி.மீ. என்றால் பிளக்குக்கும் கேபிள் வளைவுக்கும் இன்னொரு 35-40 கூட்டி, 170 இடம் தேடுங்கள். பக்க மூடியை அழுத்தி மூடிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். புதிய கார்டுகளில் வரும் 16 பின் பவர் இணைப்பு முழுதாக உட்காராமல் சற்றே சாய்ந்தால் சூடேறி உருகலாம். அதன் பிளக்கிலிருந்து முதல் 35 மி.மீ. வரை கேபிள் வளையவே கூடாது.

3. கூலர் (பிராசஸரைக் குளிர்விப்பது). போர்டு ஒரு பக்கமும் கார்டு மறுபக்கமுமாக நிற்கும் சாண்ட்விச் வகைப் பெட்டிகளில் நடுத்தகட்டை நகர்த்தலாம். கார்டுக்குக் கொடுக்கும் இடம் கூலரிடமிருந்துதான் போகும். மேலிருந்து கீழ்நோக்கி ஊதும் கூலர் ரேம் மீது கவிழ்ந்து நிற்கும், எனவே விளக்கு வைத்த உயர ரேம் வேண்டாம்.

4. பவர் சப்ளை. சின்னப் பெட்டிகளுக்கான எஸ்எஃப்எக்ஸ் அளவு 125×63.5×100 மி.மீ. எஸ்எஃப்எக்ஸ்-எல் 130 ஆழம்; அந்தக் கூடுதல் 30 மி.மீ. கேபிள் திரும்பும் இடத்தைத்தான் தின்னும். கழற்றி மாட்டும் கேபிளுள்ள சாதா எஸ்எஃப்எக்ஸே என் தேர்வு.

5. ரைசர் கேபிள். ஸ்லாட்டிலிருந்து கார்டைத் தள்ளி வைக்க உதவும் நீட்டிப்பு கேபிள் இது. பிசிஐஇ என்ற கார்டு இணைப்பு முறையின் 3ஆம் தலைமுறை ரைசரில் 4ஆம் தலைமுறைக் கார்டைப் போட்டால் திரை இருண்டே கிடக்கலாம். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) அந்த ஸ்லாட்டை ஜென் 3, அதாவது 3ஆம் தலைமுறை, ஆக்கினால் சரியாகும். இருண்ட திரையில் பயாஸை எப்படிப் பார்ப்பது? பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் மானிட்டரை மதர்போர்டில் செருகுங்கள். இல்லையேல் கார்டை ரைசர் இல்லாமல் நேரடியாக ஸ்லாட்டில் மாட்டி மாற்றுங்கள். முதல் கணினிக்கு ரைசரே தேவைப்படாத பெட்டி மேல். ஐந்தாறு லிட்டர் கூடினாலும் பரவாயில்லை.

பிற்சேர்க்கை: பிராசஸருக்கான 8 பின் கேபிளை, போர்டைத் திருகும் முன்பே செருகிவிடுங்கள். கூலர் உட்கார்ந்த பிறகு அந்த மூலைக்குள் விரல் போகாது.