விநோதப் பறவையா? 'கலப்பினம்' என்று எழுதுமுன்...

குளத்தோரம் ஒரு வாத்து. தலை பச்சை, மார்பில் பெரிய வெள்ளைத் திட்டு, உடம்பு சற்றே பருமன். கையேட்டின் எந்தப் பக்கத்திலும் அப்படியொரு படம் இல்லை. உடனே குறிப்பேட்டில் 'கலப்பினம்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் அது பெரும்பாலும் வளர்ப்பு வாத்தின் வாரிசாகத்தான் இருக்கும். மல்லார்டு வாத்தைப் பழக்கித்தான் பெரும்பாலான வளர்ப்பு வாத்துகளை உருவாக்கினார்கள். அவை தப்பிப்போய்க் காட்டு மல்லார்டோடும் கூடிக் குஞ்சு பொரிக்கும். இனம் ஒன்றுதான். மல்லார்டு மற்ற வாத்தினங்களோடும் தாராளமாகக் கலக்கும் என்பதால்தான் இத்தனை குழப்பம்.

நிறத்தை மட்டும் நம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வட அமெரிக்காவில் ஃபிளிக்கர் என்றொரு மரங்கொத்தி உண்டு. கிழக்கே இருப்பதற்குச் சிறகின் அடிப்பக்கம் மஞ்சள், மேற்கே இருப்பதற்குச் சிவப்பு. இரண்டும் சந்திக்கும் நடுப்பகுதியில் கலக்கவும் செய்கின்றன. அந்தப் பகுதியிலிருந்து வெகு தொலைவில், கிழக்கில் சில பறவைகளுக்குச் செம்மை கலந்த இறகுகள் இருந்தன. மேற்கத்திய இரத்தம் என்றே பல காலம் நினைத்தார்கள். 2016-இல் வெளியான ஆய்வு அந்த இறகுகளின் நிறமியைப் பிரித்துப் பார்த்தது. அயல்நாட்டு ஹனிசக்கிள் புதரின் பழங்களில் உள்ள ரோடோசாந்தின் அது! இறகு முளைக்கும் பருவத்தில் அந்தப் பழத்தைத் தின்றதால் வந்த சாயம். உண்மையான கலப்பு என்றால் சிறகோடு நிற்காது. ஆணின் மீசைக்கோடு, பிடரியின் சிவப்புப் பட்டை என்று வேறு இடங்களிலும் தடயம் இருக்கக்கூடும்.

காகத்தின் சிறகில் நாலைந்து வெள்ளை இறகுகள் தெரிந்தால் அது நிறமிக் குறைபாடு, அவ்வளவுதான். நெற்றியில் மஞ்சள் அப்பியிருந்தால் பூந்தாதா என்று பாருங்கள். இறகு உதிர்க்கும் பருவத்தில் ஆண் மல்லார்டே பெட்டை போலத்தான் இருக்கும்; அலகின் மஞ்சள்தான் காட்டிக்கொடுக்கும்.

கலப்பினம் என்றால் தாயில் பாதி, தந்தையில் பாதி என்று எதிர்பார்ப்பது இன்னொரு தவறு. வார்ப்ளர் என்பது ஒரு சின்னப் பாடும் பறவை. அதில் நீலச்சிறகு வார்ப்ளரும் பொன்சிறகு வார்ப்ளரும் கூடிப் பிறக்கும் குஞ்சுகள் இரண்டு தனி வடிவங்களில் வரும். தோற்றம் அவ்வளவு மாறுபட்டதால் 1874-இல் இரண்டையும் இரண்டு புதிய இனங்கள் என்றே பெயர்சூட்டி அறிவித்துவிட்டார்கள். வல்லுநர்களே சறுக்கிய இடம் இது. நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. குரலையும் முழுதாக நம்ப முடியாது. இவ்விரு இனங்களின் கலப்புப் பறவைகள் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவருடைய பாட்டையே பாடும்.

பெயரை முதலில் எழுதிவிட்டால் கண் அதற்கேற்ற அடையாளங்களை மட்டுமே தேடும். அலகு, கால், வால் நீளம், அளவு எல்லாவற்றையும் குறித்துவிட்டு, பல கோணங்களில் படமெடுத்த பிறகு பெயருக்கு வாருங்கள். 2018-இல் பென்சில்வேனியாவில் ஒருவர் அப்படித்தான் செய்தார். பார்ப்பதற்கு மேலே சொன்ன கலப்பு வார்ப்ளர் போலவே இருந்தது. ஆனால் மார்பில் செம்பழுப்புத் திட்டு, பாட்டோ செம்பழுப்பு விலா வார்ப்ளருடையது. படங்களையும் காணொளியையும் ஆய்வாளர்களுக்கு அனுப்பினார். அவர்கள் வந்து பறவையைப் பிடித்து, துளி இரத்தம் எடுத்து மரபணுவைப் பார்த்தார்கள். தாய் ஏற்கனவே கலப்பினம், தந்தை செம்பழுப்பு விலா வார்ப்ளர். ஒரே பறவைக்குள் மூன்று இனம்.