காசு என்றால் காதைத் தொடுகிறார்: முதியோருக்குக் கருவி செய்யும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் காலம் வந்தால், ‘தாத்தா பாட்டிகளுக்கு மலிவு விலையில் காது மிஷின்’ என்று ஒரு குழுவாவது என்னிடம் வந்து நிற்கும். வேலூரைச் சுற்றியுள்ள கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சர்க்யூட் பக்கம் கைகொடுப்பது என் பழக்கம். தலைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கைப்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் காது மந்தம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் செய்து கொடுக்கும் கருவி பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் பீரோவுக்குள் போய்விடுகிறது. ஏன் என்பதுதான் விஷயம்.

போன வருடம் நால்வர் குழு ஒன்றோடு குடியாத்தத்துக்குப் போனேன். குழுவில் ஒருத்தியின் தாத்தா விசைத்தறியில் முப்பது வருடம் நின்றவர். செய்துகொண்டு போன பெட்டியை அவருக்கு மாட்டிவிட்டு, பேத்தி எதிரே உட்கார்ந்து, “தாத்தா, காசு எங்க?” என்று கேட்டாள். அவர் காதைத் தொட்டுக் காட்டி, “இங்கதான் இருக்குது” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். வால்யூமைக் கூட்டி மறுபடி கேட்டாள். இப்போது முகத்தைச் சுளித்தார். “ஏம்மா கத்துற, நான் இன்னா செவிடா?”

அந்த இரண்டு பதிலுக்கும் காரணம் உள்காதில் இருக்கிறது. அங்கே நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவில், ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. செத்தால் திரும்ப முளைக்காதவை. வயதாகும்போது பெரும்பாலும் முதலில் அடி வாங்குவது சுருளின் வாசல்பக்கம். உயர்ந்த சுருதிகளைப் பிடிப்பது அந்த இடம்தான். தறிச் சத்தமும் அதே பக்கத்தைத்தான் முதலில் தேய்க்கும். ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. அது அவருக்குக் கேட்கிறது. ச, த, ட, ப என்று எழுத்துக்கு எழுத்து பிரித்துக் காட்டும் நுணுக்கம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே. அது போய்விட்டது. அதனால் காசும் காதும் ஒன்றாகிவிடுகின்றன. பட்டு, தட்டு, கட்டு மூன்றும் ‘அட்டு’ ஆகிவிடுகின்றன. பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடுவதில்லை.

இரண்டாவது சிக்கல் இன்னும் குசும்பு பிடித்தது. மெல்லிய சத்தம் கேட்காத காதுக்குப் பெரிய சத்தம் மட்டும் நம்மைப் போலவே, சில சமயம் நம்மைவிட அதிகமாகவே, உறைக்கும். கேட்பதற்கும் வலிப்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. எல்லாச் சுருதியையும் ஒரே அளவுக்கு ஏற்றும் ஆம்ப்ளிஃபயர் அந்த இடைவெளியைத் தாண்டித்தான் போய் விழும்.

ஆக, முதல் தவறு, பெரிய தவறு: வால்யூம்தான் தீர்வு என்று நினைப்பது. உயர் சுருதியை மட்டும் தேவைக்கு ஏற்ற வேண்டும். மெல்லிய சத்தத்தை அதிகமாகவும் பெரிய சத்தத்தைக் குறைவாகவும் பெருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, இதைத் தாண்டிச் சத்தம் வெளியே போகவே கூடாது என்று சர்க்யூட்டிலேயே ஒரு பூட்டு வேண்டும். அந்தப் பூட்டு இல்லாத பெட்டியை எந்தப் பெரியவர் காதிலும் மாட்ட நான் விடுவதில்லை. சமையலறையில் ஒரு எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தால் போதும், மிச்சமிருக்கும் மயிரணுக்களுக்கும் ஆபத்து.

சரி, பிள்ளைகள் சோதனை செய்யாமலா வந்தார்கள்? செய்தார்கள். ஹாஸ்டல் நண்பன் காதில் பஞ்சை அடைத்து, ஏ.சி. போட்ட லேபில் வைத்து. பஞ்சு அடைத்தால் சத்தம் குறையும், அவ்வளவுதான். சொல் குழம்பாது, பெரிய சத்தம் உறைக்காது. அது காதுக்குள் அழுக்கு சேர்ந்தவரின் நிலைமை, தறிக்காரத் தாத்தாவின் நிலைமை அல்ல. பஞ்சு வைத்த நண்பனுக்கு வால்யூமைக் கூட்டினால் எல்லாம் தெளிவாகிவிடும். குழுவும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

இடமும் தவறு. பெரியவர்கள் கஷ்டப்படுவது அமைதியான அறையில் இல்லை. மின்விசிறி, டி.வி. சீரியல், குக்கர் விசில், பக்கத்து வீட்டுத் தறி, இத்தனைக்கும் நடுவில்தான். எனவே சோதனையை அங்கே வையுங்கள். முதலில் காசு செலவில்லாத ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: திறந்தவெளியில் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும். நான்கு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு வந்தால் 12. வீட்டுக்குள் சுவர் எதிரொலிப்பதால் இது கொஞ்சம் குறையும். இருந்தாலும் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டு, முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசுவதைவிட உங்கள் கருவி எவ்வளவு மேல் என்பதுதான் உண்மையான கேள்வி. பல புராஜெக்டுகள் ஸ்டூலிடம் தோற்றுப் போயிருக்கின்றன.

அடுத்தது புளூடூத் மோகம். போனை மைக்காக்கி, சத்தத்தைச் சுத்தம் செய்து, இயர்பட்ஸில் கேட்க வைப்பது. பார்க்க அழகாக இருக்கும். சாதாரண புளூடூத் இயர்பட்ஸில் ஒலி வந்து சேர 150 மில்லிசெகண்டுக்கு மேல் பிடிப்பது சகஜம். நல்ல காது மிஷினில் 10க்குள் முடிந்துவிடும். இந்தத் தாமதத்தால் உதடு ஒரு பக்கம் அசையும், சொல் பின்னால் வரும். காது மந்தமானவர்கள் தங்களுக்கே தெரியாமல் உதட்டைப் பார்த்துப் பழகியிருப்பார்கள். அந்தத் துணையையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகும். கூடவே தன் குரலே எதிரொலியாகத் திரும்பி வந்து எரிச்சலூட்டும். நம் குழு கடைசியில் ஒயருக்கு வந்தது. பேசுபவர் கையில் மைக், தாத்தா சட்டைப் பையில் பெட்டி, காதில் ஹெட்போன். ரிவ்யூவில் ‘பழைய காலத்து டெக்னாலஜி’ என்று மார்க் குறைத்தார்கள். தாத்தா குறைக்கவில்லை.

போன் ஆப்பில் செவித்திறன் சோதித்து, அந்த எண்ணை வைத்தே கருவியை அமைக்கும் குழுக்களும் உண்டு. ஒவ்வொரு இயர்போனும் ஒவ்வொரு அளவுக்குச் சத்தம் தரும். அளவீடு சரிபார்க்காத போன் காட்டும் டெசிபலை நம்ப முடியாது. ‘டாக்டரிடம் போங்கள்’ என்று உஷார்படுத்த மட்டும் ஆப் உதவும். அமைப்பதற்கு, ஒலி புகாத அறையில் எடுத்த ஆடியோகிராம் வேண்டும், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்ற வரைபடம். அதோடு தமிழ்ச் சொற்களால் சோதியுங்கள். இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்துக்கொண்டு வராதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் உருது பேசும் வீடுகளுக்கும், ஆந்திர எல்லையோரம் தெலுங்கு பேசும் வீடுகளுக்கும் அந்தந்த மொழியிலேயே பட்டியல் வேண்டும்.

இனி குழுவைப் பற்றி. எலக்ட்ரானிக்ஸ் பையன்கள் நான்கு பேர் சேர்ந்தால் அது நான்கு மடங்கு சர்க்யூட், குழு ஆகிவிடாது. வேலூரிலேயே சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் ஆடியாலஜி, அதாவது செவித்திறன் இயல், படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் முதல் நாளே உடன் இருந்திருந்தால், காசு-காது குழப்பம் இரண்டாவது மாதத்திலேயே தெரிந்திருக்கும். இன்னொன்று, வேலையைப் பங்கு போடும் விதம். ‘நீ கோடிங், நான் சர்க்யூட் போர்டு, அவள் ரிப்போர்ட், இவன் பெரியவர்களைப் பார்த்துப் பேசட்டும்’ என்று பிரிப்பார்கள். வெளியே போனவன் ‘வால்யூம் பத்தலையாம்’ என்று ஒற்றை வரியில் வந்து சொல்வான். தாத்தா முகத்தைச் சுளித்ததை அவன் எப்படி எழுதிக் கொடுப்பான்? நால்வரும் போக வேண்டும். கோடிங் எழுதுபவர் கட்டாயம் போக வேண்டும்.

போகுமுன் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதியும், பெரியவரிடம் தமிழில் எழுதிப் படித்துக் காட்டிய ஒப்புதலும் வாங்குங்கள். ‘நம்ம தாத்தாதானே’ என்பது ஒப்புதல் ஆகாது. எல்லா மந்தமும் வயதால் வருவதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். அழுக்கு அடைத்திருந்தால் ஈ.என்.டி. மருத்துவர் எடுத்துவிட்டாலே காது திறக்கும். ஒரு பக்கம் மட்டும் மந்தம், சீழ், தலைசுற்றல் என்றால் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். ராத்திரி நன்றாக இருந்த காது காலையில் கேட்கவில்லை என்றால் அது அவசரம். அன்றைக்கே போக வேண்டும்.

ரிப்போர்ட்டில் ‘எங்கள் கருவி மறதி நோயைத் தடுக்கும்’ என்று எழுதும் ஆசையை அடக்குங்கள். காது மந்தத்துக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு காணப்பட்டிருப்பது நிஜம். ஆனால் 2023இல் முடிவு வெளியான அமெரிக்காவின் ‘அச்சீவ்’ ஆய்வில், காது மிஷின் பொருத்தி மூன்று வருடம் பார்த்தும் மொத்தக் குழுவில் அறிவுத்திறன் சரிவு குறையவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த பிரிவில்தான் பலன் தெரிந்தது. அதுவும் ஆடியாலஜிஸ்ட் பொருத்திய மிஷினும் ஆலோசனையும் சேர்ந்து தந்த பலன்.

ஒரு மணி நேரம் மாட்டிப் பார்த்து ‘பயனாளர் திருப்தி’ என்று எழுதுவதும் அப்படித்தான். வருடக்கணக்கில் கேட்காத பேப்பர் சலசலப்பும் செருப்புச் சத்தமும் திடீரென்று வந்து விழுந்தால் மூளைக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். முதல் நாள் பாராட்டும் முதல் வாரத் திட்டும் இரண்டுமே முடிவு அல்ல. அப்புறம், ‘செவிட்டு மிஷின்’ என்று வீட்டில் ஒரு குழந்தை சொல்லிவிட்டால் அன்றே அது பீரோவுக்குப் போகும். அதற்கு எந்தச் சர்க்யூட்டும் இல்லை.

கடைசியாக, ஒப்படைத்த பிறகு என்ன? நம் குழுவுக்கு மே மாதம் ரிவ்யூ முடிந்தது. ஜூனில் தாத்தாவின் பெட்டியில் சார்ஜர் பின் ஆடிப் போனது. பேத்தி பெங்களூருவில் வேலையில் சேர்ந்துவிட்டாள், மற்ற மூவரும் ஆளுக்கொரு திசை. ‘பிள்ளைகளைத் தொந்தரவு பண்ணக் கூடாது’ என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளிக்கு வந்தவள்தான் பெட்டி துணியில் சுற்றிக் கிடப்பதைப் பார்த்தாள். சால்டரிங் வைக்க ஐந்து நிமிடம் ஆனது. இப்போது பெட்டி மூடியின் உள்பக்கம் சர்க்யூட் படம் ஒட்டியிருக்கிறது. அதன் கீழே, தெருமுனை ரேடியோ ரிப்பேர் கடைக்காரரின் நம்பர், தாத்தா கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவுக்குப் பெரிதாக.