டைட்டானியமா, நிக்கலா? டேட்டாஷீட்டை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது

டைட்டானியத்தையும் நிக்கலையும் ஒப்பிடச் சொன்னால் பெரும்பாலானவர்கள் டேட்டாஷீட்டை, அதாவது உலோகத்தின் குணங்களைப் பட்டியலிடும் தாளை, எடுத்ததும் வலிமை எண்ணைத்தான் தேடுவார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பாகம் எவ்வளவு சூட்டில் வேலை செய்யப்போகிறது என்று முதலில் கேளுங்கள், பாதி நேரம் அதிலேயே முடிவு வந்துவிடும்.

அதற்கும் முன்னால், எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சரிபார்க்கணும். கலவையில்லாத கிரேடு 2 டைட்டானியத்தின் குறைந்தபட்ச யீல்டு (உலோகம் திரும்ப நிமிராதபடி வளையத் தொடங்கும் அழுத்தம்) 275 மெகாபாஸ்கல். 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் சேர்ந்த கிரேடு 5க்கு அது 828. நிக்கல் பக்கம் இன்கோனல் என்ற கலவைகளில், அனீல் செய்த (சூடாக்கி மென்மையாக்கிய) 625க்கு 414, ஏஜிங் முடித்த (சூட்டில் வைத்து வலுவேற்றிய) 718க்கு 1,034. ஏஜிங் செய்யாத 718 என்றால் அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும், ஆகவே எந்த நிலையில் அளந்த எண் என்று எழுதாத டேட்டாஷீட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். இனி கிரேடு 5ஐயும் 718ஐயும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, சூடு. சுத்த டைட்டானியம் 1,668 டிகிரி செல்சியஸில் உருகும், நிக்கல் 1,455லேயே உருகிவிடும், ஆனாலும் சூட்டைத் தாங்குவது நிக்கல்தான். உருகுநிலையை நம்பி டைட்டானியத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். கிரேடு 5, 400 டிகிரியை எட்டும்போதே வலிமையில் கிட்டத்தட்ட பாதியை இழந்துவிடும். இன்னும் ஏற்றினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே ஊறி மேல்தோல் நொறுங்கும் தன்மைக்கு வந்து, அங்கிருந்து விரிசல் கிளம்பும். 718 அப்படியில்லை, அதனுள்ளே நியோபியம் சேர்ந்த நுண்துகள்கள் படிந்து உலோகம் நழுவாமல் பிடித்துக்கொள்வதால் 650 டிகிரியிலும் யீல்டு 860ஐ ஒட்டி நிற்கும். ஜெட் எஞ்சினில் முன்பக்கத்துக் குளிர்ந்த பகுதியில் டைட்டானியமும் எரிகலனுக்குப் பின்னால் நிக்கலும் இருப்பது இதனால்தான்.

சூடு பிரச்சினை இல்லையென்றால் அடுத்தது எடை. டைட்டானியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.43 கிராம், 718க்கு 8.2. யீல்டை அடர்த்தியால் வகுத்துப் பார்த்தால் முன்னதற்கு 187, பின்னதற்கு 126, அதாவது அறை வெப்பத்தில் டைட்டானியம் தெளிவாக முன்னால். சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 6,000 மீட்டர் ஆழத்துக்காக உருவாக்கும் மத்ஸ்யா 6000 என்ற ஆழ்கடல் நீர்மூழ்கியில் ஆட்கள் உட்காரும் கோளம் 2.1 மீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் தடிமன், டைட்டானியக் கலவை. நீங்களே கணக்குப் போடலாம்: விட்டத்தின் வர்க்கம், பை, தடிமன் மூன்றையும் பெருக்கினால் சுமார் 1.1 கன மீட்டர் உலோகம். டைட்டானியத்தில் அது ஏறத்தாழ 5 டன், அதே அளவில் 718இல் 9 டன். கோளம் விலக்கும் நீரோ 5, 6 டன்தான். நிக்கலில் செய்தால் மேலே கொண்டுவர மிதவைக்கே தனியாக இடம் தேடணும்.

விறைப்பில், அதாவது பாரத்தில் எவ்வளவு வளையாமல் நிற்கிறது என்பதில், மட்டும் கவனம். டைட்டானியத்துக்கு 114 கிகாபாஸ்கல், 718க்கு 200; ஒரே அளவு ஷாஃப்டை ஒரே பாரத்தில் வைத்தால் டைட்டானியம் ஒன்றே முக்கால் மடங்கு வளையும். அடர்த்தியால் வகுத்தால் இரண்டும் 25ஐச் சுற்றியே வரும், ஆக எடை குறைகிறதே என்று வரைபடத்தை மாற்றாமல் உலோகத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

அரிப்பில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது, எந்தத் திரவம் என்று சொல்லணும். கடல்நீரில் டைட்டானியத்தை மிஞ்ச ஆளில்லை. ஈரமான குளோரினிலும் பிரமாதம், ஆனால் ஈரமே இல்லாத குளோரின் வாயுவில் அது தீப்பற்றி எரியும், ஏனென்றால் அதைக் காக்கும் ஆக்சைடு படலம் கிழிந்தால் திரும்ப உருவாகக் கொஞ்சம் நீர் வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தின் பக்கமே டைட்டானியத்தைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே மோனல் 400, சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ஹேஸ்டலாய் வகை, இரண்டுமே நிக்கல் கலவைகள். நிக்கலின் எதிரி கந்தகம். வெல்டிங்குக்கோ ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கோ முன்னால் கட்டிங் ஆயில், மார்க்கர் கறை எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் அந்த இடம் விரிசல் விடும்.

பட்டறையில் இரண்டுமே தலைவலிதான். வெப்பம் கடத்தும் திறன் டைட்டானியத்துக்கு 6.7, 718க்கு 11.4 வாட்/மீட்டர்-கெல்வின் என்று இருக்கும்போது (சாதாரண 6061 அலுமினியத்துக்கு 167) சூடு முழுக்க டூல் முனையிலேயே தங்கும். 718ஐ வெட்டும்போது டூல் ஒரே இடத்தில் உரசிக்கொண்டு நின்றால் மேற்பரப்பு இறுகி அடுத்த வெட்டில் இன்செர்ட் (டூலின் வெட்டு முனை) போய்விடும், ஃபீடை, அதாவது டூல் முன்னேறுவதை, நிறுத்தாதீர்கள். டைட்டானியத்தின் மெல்லிய சுருள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, காய்ந்த மணலோ உலோகத் தீக்கான டி வகுப்புத் தீயணைப்பானோ பக்கத்திலேயே இருக்கட்டும். டைட்டானியம் வெல்டிங்கில் காற்று படாமல் காக்கும் ஆர்கான் வாயு மறைப்பு போதுமா என்பதை நிறமே சொல்லிவிடும்: வெள்ளி போலப் பளபளத்தால் நல்லது, வைக்கோல் மஞ்சள் பெரும்பாலும் பரவாயில்லை, நீலம் வந்தால் சந்தேகப்படுங்கள், சாம்பலாக வெள்ளைப் பொடி படிந்திருந்தால் வெட்டியெடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.