முதல் குவாட்காப்டர்: எஃப்450 பிரேமில் கட்டுவது எப்படி

முதல்முறை கட்டிய டிரோன் எழும்பும்போதே குட்டிக்கரணம் அடித்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மோட்டார் வரிசையையும் சுற்றும் திசையையும்தான். அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

வாங்க வேண்டியவை: எஃப்450 பிரேம் ஒன்று, ஏ2212 1000 கேவி மோட்டார் 4, 30 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) 4, பவர் மாட்யூலுடன் பிக்ஸ்ஹாக் போர்டு (டிரோனின் மூளை), ஃப்ளைஸ்கை ஐ6 ட்ரான்ஸ்மிட்டர், ஐஏ6பி ரிசீவர், 3 செல் 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி. 1045 (10 அங்குல) இறக்கை 2 ஜோடி போதும். ஆனால் 4 ஜோடி வாங்குங்கள், உடையும். மொத்த எடை ஒரு கிலோவைச் சுற்றி வரும். ஏழெட்டு நிமிடம் பறக்கும்.

பேட்டரியில் சி எண்ணைப் பாருங்கள்; எவ்வளவு ஆம்பியர் தர முடியும் என்பதை அதுதான் சொல்லும். 2200 எம்ஏஎச் என்பது 2.2 ஆம்பியர் மணி; 20சி என்றால் 2.2 × 20 = 44 ஆம்பியர்தான். நான்கு மோட்டாரும் முழு வேகத்தில் இதற்கு மேலே கேட்கும், பேட்டரி உப்பிவிடும். 30சி வாங்கினால் 66 ஆம்பியர் வரை தாங்கும்.

1. இஎஸ்சிகளின் சிவப்பு, கறுப்பு வயர்களைப் பிரேமின் கீழ்த்தட்டில் சால்டர் செய்யுங்கள். 60 வாட் அயர்ன் வேண்டும். 25 வாட்டில் ஈயம் மங்கலாக உருண்டு நிற்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும். நல்ல சால்டர் பளபளவென்று வயர் மேல் படர்ந்திருக்கும்.

பேட்டரியை நேராகச் செருகாதீர்கள். பிளஸ் வயரின் நடுவே 12 வோல்ட் 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைப் போடுங்கள். ஒருமுறை மின்னி அணைந்தால் சரி. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். பல்பு இல்லையென்றால் இஎஸ்சி புகைந்திருக்கும்.

2. மோட்டாரைப் பொருத்துங்கள். ஸ்க்ரூ நீளமாக இருந்தால் நுனி உள்ளே காயிலைத் தொட்டு மோட்டாரை எரித்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

3. போர்டின் அம்புக்குறி முன்பக்கம் பார்க்க, அடியில் ஸ்பாஞ்ச் டேப் வைத்து ஒட்டுங்கள். இஎஸ்சி சிக்னல் வயர்கள் போர்டின் மெயின் அவுட் பின்களுக்குப் போகும் வரிசை: 1 முன் வலது, 2 பின் இடது, 3 முன் இடது, 4 பின் வலது. வட்டமாக எண்ணிச் செருகுவதுதான் வழக்கமான தப்பு.

4. மிஷன் பிளானர் என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் வழியாகப் போர்டில் காப்டர் ஃபர்ம்வேர் ஏற்றி, குவாட் எக்ஸ் பிரேமைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஆக்சிலரோமீட்டர், காம்பஸ், ரேடியோ, இஎஸ்சி காலிபரேஷன். இந்தக் கட்டம் முழுக்க இறக்கை மாட்டவே கூடாது.

5. மோட்டார் டெஸ்ட். ஒவ்வொரு மோட்டார் தலையிலும் சின்ன டேப் துண்டைக் கொடிபோல ஒட்டுங்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஏ, பி, சி, டி பட்டன்களை அழுத்தினால் முன் வலதில் தொடங்கி கடிகாரச் சுற்றில் ஒவ்வொன்றாக ஓட வேண்டும். இந்த வரிசை மட்டும் வட்டமானது, மேலே சொன்ன எண்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வேறொரு மூலை ஓடினால் சிக்னல் வயர் மாறியிருக்கிறது. 1, 2 கடிகாரத்துக்கு எதிராகவும் 3, 4 கடிகாரச் சுற்றிலும் ஓட வேண்டும். திசை தப்பினால் அந்த மோட்டாரின் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் போதும்.

6. இப்போது இறக்கை. 1, 2-க்கு 1045. 3, 4-க்கு 1045ஆர் (கடிகாரச் சுற்றுக்கான இறக்கை). எழுத்து அச்சிட்ட பக்கம் மேலே. கூம்பு நட்டின் துளையில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரைச் செருகி இறுக்குங்கள். கைமுறுக்கு மட்டும் போதாது; பாதி வானில் இறக்கை கழன்று பறக்கும்.

7. காற்றில்லாத காலையில், திறந்த மைதானத்தில், ஆளை 10 மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு ஸ்டெபிலைஸ் மோடில் (குச்சியை விட்டால் டிரோன் தானே சமநிலைக்கு வரும் மோடு) ஆரம்பியுங்கள். த்ராட்டிலை மெல்ல ஏற்றி, கால்கள் தரையில் லேசானதும் நிறுத்தி, பக்கவாட்டில் சாய்க்கும் ரோல் குச்சியை அரை இழை இடப்பக்கம் தள்ளுங்கள். டிரோனும் இடப்பக்கமே சாய வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உடனே இறக்கிவிட்டு ரேடியோ சேனலையும் மோட்டார் வரிசையையும் மறுபடி பாருங்கள். நேராக நிற்காமல் ஒரே பக்கம் நழுவினால், ஆக்சிலரோமீட்டர் காலிபரேஷன் சமதரையில் நடந்திருக்காது.

இந்தியாவில் பறக்கவிடுபவர்கள் கிளம்புமுன், எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். 2021 டிரோன் விதிகளில் இந்த எடை மைக்ரோ வகை, பச்சை மண்டலத்தில் உச்சவரம்பு 400 அடி. முதல் நாளுக்கு இரண்டு மீட்டரே அதிகம்.

செல் ஒன்றுக்கு 3.5 வோல்ட் வந்ததும் இறக்குங்கள். மறுநாள் பறக்கவில்லையென்றால் 3.8 வோல்ட்டில் வைத்து எடுத்துவையுங்கள்.