உப்புத்தாள் எழுத்துப் பலகை: தமிழ்ச் சுழிக்கு ஏற்ற அளவில் செய்யும் முறை

உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகும் பலகை மாண்டிசோரி வகுப்புகளில் நெடுநாளாக இருப்பது. அந்தக் கல்விமுறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் என்பதால் நமக்கும் புதிதல்ல. தமிழுக்குச் செய்யும்போதுதான் சிக்கல். ஆங்கிலப் பலகையின் அளவை அப்படியே எடுத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றினால் ட, ப வரை சரியாக வரும். ண வந்ததும் கெட்டுப்போகும்.

குழந்தை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்துத் தடவும். நாலு வயதுப் பிள்ளைக்கு இரண்டு விரலும் சேர்ந்து ஏறத்தாழ 2 செ.மீ. அகலம் இருக்கும். கோட்டின் நடுவில் விரல் போகும்போது இருபுறமும் 1 செ.மீ. வரை பரவும். சுழியின் உள்வெளி 5 மி.மீ. என்றால் எதிர்ப்பக்கக் கோடும் விரலில் உரசும். எந்தக் கோட்டில் போகிறோம் என்று விரலுக்குத் தெரியாது. ‘மூணு சுழி ண’ என்று வாயால் சொல்லிக்கொடுத்துவிட்டு, விரலுக்கு ஒரே சொரசொரப்புத் திட்டைக் கொடுத்தால் பயனில்லை. அதனால் எல்லா அளவையும் சுழியிலிருந்தே தொடங்குங்கள்: கோட்டின் தடிமன் 9 மி.மீ., சுழியின் உள்வெளி குறைந்தது 12 மி.மீ. இப்படி வரைந்தால் 9 செ.மீ. உயர ண ஏறத்தாழ 16 செ.மீ. அகலம் போகும். போகட்டும். உயரத்தை எல்லா எழுத்துக்கும் ஒன்றாக வைத்து, பலகையின் அகலத்தை மட்டும் மாற்றுங்கள்: சாதாரண எழுத்துக்கு 16 × 16 செ.மீ.; ண, ஞ, ஐ, ஔ போன்றவற்றுக்கு 24 × 16.

கணினி எழுத்துருவைப் பெரிதாக்கி அச்செடுப்பது பலர் செய்யும் தவறு. அச்செழுத்தில் சுழி சின்னது. கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். பட்டர் பேப்பரில் கையால் வரைவதே நல்லது. ர-வின் வாலைச் சாய்வாகத் தெளிவாக இழுங்கள். இல்லாவிட்டால் துணைக்காலோடு குழம்பும். ஔ-வில் வரும் ‘ள’ பகுதியைச் சிறிதாக்குங்கள். ஒரே உயரத்தில் இருந்தால் ‘ஒள’ என்று இரண்டு எழுத்தாகத்தான் படிக்கத் தோன்றும்.

முதல் தொகுப்பில் 247 எழுத்துக்கும் ஆசைப்பட வேண்டாம். ட இரண்டு, ப இரண்டு, ம, க, ல, வ ஒவ்வொன்று: எட்டுப் பலகை போதும். படம், பட்டம், கடல், பகல், கப்பல் எல்லாம் இதிலேயே வந்துவிடும். அ, ஆ வரிசையில் தொடங்கினால் அழகாக இருக்கும். ஆனால் பன்னிரண்டு உயிரும் முடிந்த பிறகும் பிள்ளையால் ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் சேர்க்க முடியாது.

புள்ளிக்குத் தனி ஏற்பாடு வேண்டும். 16 × 4 செ.மீ. அளவில் இரண்டு சட்டம் அறுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் 15 மி.மீ. வட்ட உப்புத்தாளை ஒட்டுங்கள். ப பலகையின் தலைமாட்டில் சட்டத்தை வைத்தால் ப், எடுத்தால் ப. மெய்யும் உயிர்மெய்யும் கைக்கு எட்டிய வேறுபாடாகிவிடும். புள்ளியை மட்டும் தனி வில்லையாகச் செய்யாதீர்கள், வாயில் போகும். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு உருளை வைத்திருப்பார்கள்; அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு ஆகாது. வீட்டில் தம்பியோ தங்கையோ தவழ்ந்துகொண்டிருந்தால் இது உங்களுக்கும் பொருந்தும். இன்னொன்று: எழுத்தைப் பலகையின் நட்டநடுவில் ஒட்டினால் புள்ளி எங்கோ வானத்தில் நிற்கும். மேலே 2 செ.மீ. மட்டும் விட்டு, கீழே 5 செ.மீ. விடுங்கள். ற, ழ வரும்போது அவற்றின் வாலுக்கும் அந்த இடம் உதவும்.

பலகைக்கு 5.5 அல்லது 6 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை). நாலுக்கு ரெண்டு அடித் துண்டு ஒன்றில் 16 செ.மீ. சதுரம் 21 அறுக்கலாம். மிச்சப் பட்டையில் புள்ளிச் சட்டங்கள் வரும். அறுத்த விளிம்பு ஈரம் குடித்து ஊதும் என்பதால், விளிம்பில் ஃபெவிகாலைத் தண்ணீர் கலந்து ஒருமுறை பூசிக் காயவிட்டுத் தேயுங்கள். மூலைகளை உருட்டிவிடுங்கள். பெயின்ட், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வகை, பளபளப்பில்லாதது. டப்பாவில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) குறைவு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். உயிருக்கு நீலம், மெய்க்கு இளஞ்சிவப்பு என்பது மாண்டிசோரி வழக்கம்; உயிர்மெய்க்கும் இளஞ்சிவப்பே இருக்கட்டும். இரண்டு பூச்சு அடித்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

உப்புத்தாள் 120 அல்லது 150 நம்பர் வாங்குங்கள். 80 விரலைக் கீறும். 220-க்கு மேல் போனால் விரலுக்கு உறைக்காது. கறுப்பு எமரித்தாள் வேண்டாம், கையில் கரி ஒட்டும். வரைந்த எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பித் தாளின் முதுகில் பதியுங்கள். திருப்ப மறந்தால் ப-வில் தெரியாது, இடவலம் ஒன்றுபோல இருக்கும்; ட வெட்டி முடித்த பிறகுதான் தலையில் கைவைப்பீர்கள். கட்டரால் முதுகுப்பக்கமிருந்தே வெட்டுங்கள். சுழியின் உள்ஓட்டையை முதலில் எடுத்துவிட்டு வெளிக்கோட்டுக்கு வாருங்கள். மாற்றிச் செய்தால் மெல்லிய பட்டை நெளிந்து கிழியும். மணல் பிளேடை மழுக்கும் என்பதால் இரண்டு எழுத்துக்கு ஒருமுறை பிளேடு நுனியில் ஒரு கண்ணியை உடைத்துவிடுங்கள்.

ஒட்டும்போது ஃபெவிகால் மெல்லிய பூச்சாக இருக்க வேண்டும். அதிகமானால் தாள் ஊறிச் சுருளும், ஓரத்தில் பிதுங்கி வழவழப்பாகக் காயும்; அந்த வழவழப்பில் விரல் வழுக்கி எழுத்தை விட்டு வெளியே போய்விடும். மேலே செய்தித்தாள், அதன்மேல் சமமான பலகை, அதன்மேல் அம்மிக் குழவி போல ஏதாவது பாரம். இரவு முழுக்க இருக்கட்டும். காலையில் நகத்தால் எழுத்தைச் சுற்றிலும் நெம்பிப் பாருங்கள். நகம் நுழைகிற இடத்தில் பல்குச்சியால் பசை வைத்து மறுபடி அழுத்துங்கள். நீங்கள் விட்டதைப் பிள்ளை ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்து உரித்துவிடும்.

தொடங்கும் இடத்தில் சிறு பச்சைப் பொட்டு போதும். அம்புக்குறிகள் போட்டால் பிள்ளை அம்பைத்தான் தடவும்.

பிள்ளையிடம் கொடுக்குமுன் பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பெயர் சொல்லட்டும். ண, ன செய்த பிறகு இந்தச் சோதனை இன்னும் முக்கியம்: அவர் தடுமாறினால் சுழி சிறிது என்று அர்த்தம், புதிதாக வெட்டுங்கள். பிள்ளை தடவும்போது ஒலியை மட்டும் சொல்லுங்கள்: ‘ப’ தான், ‘பானா’ அல்ல. கையை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்துவிட்டால் விரல்நுனிக்கு உணர்ச்சி கூடும். ஒரு அமர்வுக்கு மூன்று எழுத்து. அதற்கு மேல் போனால் நுனி சிவக்கும்.

பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உப்புத்தாள் மேல்பலகையின் முதுகைச் சுரண்டும். 8 மி.மீ. பள்ளம் வெட்டிய சட்டத்தில் நிறுத்தி வையுங்கள். அழுக்கை உலர்ந்த பல் பிரஷ்ஷால் தட்டி எடுக்கலாம், ஈரத்துணி கூடாது.

அடுத்த தொகுப்பில் ா, ெ, ே, ை ஆகியவற்றைத் தனிப்பலகையாகச் செய்து பக்கத்தில் வைக்கலாம். 1978இல் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் லை, ணை போன்றவற்றின் பழைய வடிவத்தில் யானைத் துதிக்கைபோல் இருந்த வளைவை எடுத்துவிட்டதால்தான் ஒரே ை பலகை எல்லாவற்றுக்கும் செல்கிறது. கு, சு, டு வரிசை அப்படிப் பிரியாது; அவற்றை முழு எழுத்தாகவே வெட்ட வேண்டும். விற்கும் எண்ணம் இருந்தால் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதை, பெயின்ட் வாங்குவதற்கு முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.